கணித ஆசிரியர் ஏன் நிலைப்பதில்லை? அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் தகுதியும் பணியிடப் பகிர்வும்

கேள்வி
எழுதியவர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். கல்வித் துறையில் பணியாற்றியவன் அல்லன்; விவசாயி.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒரு பிரிவு. பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் ஐந்து, பாடத்துக்கு ஒன்று. கணிதப் பணியிடத்துக்குப் புதிதாக நியமனம் பெற்ற ஒருவர் வருவார், நன்றாகவே நடத்துவார், அவருடைய முறை பிள்ளைகளுக்குப் பிடிபடும் நேரத்தில் ஆசிரியர்கள் தாங்களே இடம் தேர்ந்தெடுக்கும் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். இந்தக் கல்வியாண்டிலும் அப்படியே நடந்தது. இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதத்தை அறிவியல் ஆசிரியர் கூடுதலாக ஏற்று நடத்துகிறார். அவர் விலங்கியல் படித்தவர். ஆறு முதல் எட்டு வரை, மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியை பார்த்துக்கொள்கிறார். அக்கறையுள்ளவர்தான், பி.எட். முடித்தவர்தான், ஆனால் அவருடைய பட்டம் ஆங்கில இலக்கியத்தில்.

என் தங்கை மகள் நகரத்தில் உள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே கணிதத்துக்கு மட்டும் பட்டதாரி ஆசிரியர் நால்வரும் முதுகலை ஆசிரியர் இருவரும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நெடுங்காலமாக அங்கேயே பணியாற்றுபவர்கள். இரண்டும் அரசுப் பள்ளி, ஒரே பாடநூல், ஒரே பொதுத்தேர்வு. இதை அலுவலகத்தில் முறையிட்டபோது, எங்கள் பள்ளியில் மாணவர் ஆசிரியர் விகிதம் விதிப்படி இருப்பதாகவும், காலிப் பணியிடம் கலந்தாய்வில் காட்டப்பட்டும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றும் விடை கிடைத்தது.

விகிதம் சரியாக இருந்தும் பாடம் நடத்த ஆள் இல்லாமல் போவது எப்படி? பணியிடங்கள் எந்தக் கணக்கில் பகிரப்படுகின்றன? பணியில் உள்ளவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் அளித்த தீர்ப்பால் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு ஏதேனும் மாறுமா?

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தருமபுரி

ஐயா, உங்களுக்குக் கிடைத்த விடை பொய்யன்று, அதுதான் சிக்கலே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் நாள் மாணவர் எண்ணிக்கையை வைத்து, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அதே அட்டவணை, வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் என்ற அளவில், அறிவியலும் கணிதமும் சேர்ந்த தொகுதிக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கணிதத்துக்குத் தனியாக ஒருவர் வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே, விலங்கியல் படித்தவர் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தினால் அட்டவணை நிறைவேறிவிட்டது என்றே பொருள்.

விகிதம் தலைகளை எண்ணுகிறது, பாடவேளைகளை எண்ணுவதில்லை. நான் பணியாற்றிய பள்ளியும் உங்களுடையதைப் போல ஐந்து வகுப்பு, ஐந்து பிரிவு கொண்டது. கால அட்டவணை போடும்போது கணிதத்துக்கு வகுப்புக்கு வாரம் ஏழு வேளை வைப்போம். ஐந்து வகுப்புக்கு 35 வேளை. ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு வாரம் 28 வேளை என்பது நடைமுறைக் கணக்கு. அதாவது, கணித ஆசிரியர் முழுமையாக இருந்தாலே ஏழு வேளை மிஞ்சும். அதை யார் தலையிலாவது கட்டத்தான் வேண்டும். எந்த ஆசிரியரிடம் நான்கைந்து வேளை ஓய்வு கிடக்கிறது என்று பார்த்து, பென்சிலால் அவர் பெயரைக் கட்டத்தில் எழுதி, அவர் முகம் சுளித்தால் அழித்து அடுத்தவர் பெயரை எழுதுவோம். ஜூன் மாதத்தில் எங்கள் அட்டவணைத் தாள் அழித்து அழித்தே கிழிந்துவிடும். அந்தக் கட்டங்களை நிரப்பும்போது அவர் என்ன படித்தார் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். நகரத்து மேல்நிலைப் பள்ளியில் பிரிவுகள் பல இருப்பதால் இந்த மிச்சம் பலருக்குள் கரைந்துவிடும். சிறிய பள்ளியில் கரைய இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் உபரி ஆசிரியர் என்று கண்டறியப்படுபவர் அந்தப் பாடத்தில் பணிமூப்பில் இளையவர். அவரைத்தான் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். எங்கே அவருடைய பாடத்துக்கு மிகுந்த தேவை இருக்கிறதோ அங்கே அவர் போய்ச் சேர்வதும் உண்டு; வீட்டுக்கு அருகில் திறந்திருக்கும் இடத்துக்குப் போவதும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரைப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிர்வாகம் இருப்பதால், பக்கத்துப் பள்ளியில் ஆசிரியர் மிகுந்திருந்தாலும் உங்கள் பள்ளிக்கு அவரை எளிதில் கொண்டுவர முடியாது. நலத் துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இணைப்பதாக 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது, அதை ஆதரித்தவர்களும் கடுமையாக எதிர்த்தவர்களும் இருந்தார்கள். எதிர்த்தவர்களின் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. ஆனால் ஆசிரியர் பகிர்வு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் வேலி குறைவது நல்லது என்பதே என் கருத்து.

மறுமொழி 2
எழுதியவர்: கணிதப் பட்டதாரி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் பள்ளியை விட்டுப் போனவரைப் போன்ற நிலையில் இருப்பவன் நான். சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். என்னுடன் நியமனம் பெற்ற தென்மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய மாவட்டங்களுக்குத்தான் வந்தார்கள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் மிகுதி, காலியிடம் அரிது. வட மாவட்டங்களில் காலியிடம் மிகுதி. நியமனக் கலந்தாய்வில் நமக்கு எஞ்சுவது அங்கேதான். ஆக, புதிதாக வருபவர் வடக்கே தொடங்கி, மூப்பு ஏற ஏறத் தெற்கே இறங்குகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்கு அடுத்த புதியவர் வருகிறார். ஒரே பள்ளி எப்போதும் முதல் நிறுத்தமாகவே இருந்துவிடுகிறது.

கலந்தாய்வு நடக்கும் நாளைச் சொல்கிறேன். கல்வித் துறையின் எமிஸ் என்ற தகவல் இணையதளத்தில் விண்ணப்பித்து, மூப்புப் பட்டியலில் பெயர் வந்து, மாவட்ட மையத்தில் காத்திருப்போம். கண் பார்வையற்றோர், மாற்றுத் திறனாளிகள், கைம்பெண்கள், கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் போன்ற முன்னுரிமைக்காரர்கள் முதலில் தேர்வார்கள், இது நியாயமானது. பிறகு மூப்பு. திரையில் காலிப் பள்ளிகளின் பட்டியல் ஓடும். நெடுஞ்சாலையோரப் பள்ளிகள் முற்பகலிலேயே மறைந்துவிடும். என் முறை வரும்போது எஞ்சியிருந்தவை காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து போகும் ஊர்கள். தேர்ந்தெடுக்க ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கணிதம் யார் நடத்துகிறார் என்ற கேள்வி அந்த அறையில் எந்தக் கட்டத்திலும் எழுவதில்லை. கலந்தாய்வு வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று சங்கங்கள் போராடிப் பெற்றது நல்ல விஷயம், பழைய காலத்துச் சிபாரிசு மாறுதலைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது ஆசிரியருக்கிடையே நியாயம் செய்யும் ஏற்பாடு. பள்ளிகளுக்கிடையே நியாயம் செய்யும் ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை.

பணக் கணக்கையும் பாருங்கள். வீட்டு வாடகைப்படி ஊரின் தரத்தைப் பொறுத்தது. சென்னையில் இருப்பவருக்கு அதிகம், குக்கிராமத்தில் இருப்பவருக்குக் குறைவு. கிராமத்தில் வாடகை குறைவு என்பது உண்மைதான், ஆனால் அங்கே குடும்பத்துடன் தங்க வீடே கிடைப்பதில்லை. பக்கத்து நகரத்தில் தங்கி, நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வருகிறோம். மலைமேல் உள்ள பள்ளிக்கு மலைப்படி உண்டு, சில ஒன்றியங்களில் மலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை முறைவைத்து மாற்றும் மலைச் சுழற்சி மாறுதலும் உண்டு. அடிவாரத்துப் பள்ளிக்கு இரண்டும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் பயணம் செய்பவர் ஊர் திரும்ப நினைப்பதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர், திருச்சிராப்பள்ளி

தீர்ப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23இல் வெளியிட்ட அறிவிக்கையால், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சி கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12இல் நடந்தது. தேர்ச்சி ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அந்த அறிவிக்கைக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றே பலரும் இருந்தோம். 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தேர்ச்சியின்றித் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க இயலாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்குச் சட்டம் எந்த அளவு பொருந்தும் என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

இது எங்கள் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியரைக் கொண்டுவருமா என்பதுதானே உங்கள் கேள்வி? கொண்டுவராது. காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நடத்துவோருக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறு முதல் மொழி 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60 மதிப்பெண்ணுக்குக் கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதி அல்லது சமூக அறிவியல். மொழியாசிரியர்கள் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றை எழுதலாம். உயிரியல் படித்தவர் கணித அறிவியல் பகுதியில் அறிவியலை நன்றாக எழுதித் தேர்ச்சி அடைய முடியும். இது தொடக்க நிலைக்கான அடிப்படைத் தகுதியை உறுதி செய்யும் தேர்வு. பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியலை நடத்தும் ஆற்றலை அளப்பது அதன் வேலையன்று. ஆகவே, ஒருவர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தும் உங்கள் பள்ளியில் அவர் நடத்தும் பாடத்துக்குத் தகுதியற்றவராக இருக்கலாம்.

நியமனத்தில் விழுந்த நீண்ட இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள். 2013க்குப் பின் மாநிலத்தில் பொதுவான தகுதித் தேர்வு 2017இல்தான் நடந்தது. தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு வேண்டும் என்று 2018இல் அரசாணை 149 வந்தது. அதன்படி பட்டதாரி ஆசிரியருக்கான தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. நடுவில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் எங்கே போய்த் தேங்கின? பணிமூப்புடையோர் ஒவ்வொரு கலந்தாய்விலும் நல்ல இடங்களை நிரப்பிக்கொண்டு நகர்ந்ததால், காலியிடம் முழுவதும் உங்கள் பள்ளி போன்றவற்றிலேயே வந்து படிந்தது. 2022இல் 13,331 காலியிடங்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு அறிவித்த மாத ஊதியம் 10,000 ரூபாய். நிரந்தர ஆசிரியர் வர மறுக்கும் ஊருக்கு, அவருடைய ஊதியத்தில் ஒரு சிறு பகுதிக்கு வருபவர் அந்த ஊர்ப் பட்டதாரியாகத்தான் இருப்பார். அவர் கணிதம் படித்திருந்தால் அது நல்வாய்ப்பு.

மறுமொழி 4
எழுதியவர்: பெங்களூருவில் வசிக்கும் வாசகர்

எல்லாரும் ஆசிரியரின் சிரமத்தையே பேசுகிறீர்கள். அரசு ஊழியர் என்றால் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டியதுதானே? கர்நாடகத்தில் ஆசிரியர் மாறுதலுக்கென்று 2007இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நகரத்திலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு பள்ளிகளை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகரத்தை ஒட்டிய ஏ மண்டலத்திலேயே காலம் கழித்தவர்களைக் கட்டாயமாக வெளியே மாற்றவும் செய்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இயற்றினால் இந்தக் கலந்தாய்வுக் கூத்தெல்லாம் தேவைப்படாது.

மறுமொழி 5
எழுதியவர்: கணிதப் பட்டதாரி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

கர்நாடகத்திலும் கட்டாய மாறுதலுக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்து, 2020இல் வேறு சட்டம் இயற்ற வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டாயத்தால் உடல் வந்து சேரும். ஆண்டு முழுவதும் மருத்துவ விடுப்பிலும் வேறிடத்தில் பணியாற்ற மாற்றுப்பணி ஆணைக்கான அலைச்சலிலும் கழியும். மண்டலம் பிரிப்பதை மட்டும் நான் ஏற்கிறேன். எட்டாத ஊரில் பணியாற்றிய ஆண்டுகளுக்கு மாறுதல் பட்டியலில் கூடுதல் மதிப்பு கொடுத்தால், இன்று ஓராண்டில் போக நினைப்பவர் நான்காண்டு இருந்துவிட்டுப் போவார். நான் இருப்பேன். இங்கே தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பணிமூப்புப் பட்டியலை ஊராட்சி ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியபோதே ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. ஆசிரியரைக் கலக்காமல் விதியை மாற்றினால் அது நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

மறுமொழி 6
எழுதியவர்: கேள்வி எழுப்பிய உறுப்பினர்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்பதை மீண்டும் சொல்கிறேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அடுத்த கலந்தாய்வுக்கு முன் மேலாண்மைக் குழு செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? வெறும் கோரிக்கை மனு பல முறை கொடுத்தாயிற்று.

மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தருமபுரி

உண்டு, ஐயா. "ஆசிரியர் வேண்டும்" என்ற மனுவுக்கு "விகிதம் சரி" என்ற விடைதான் வரும்; ஆகவே விகிதத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். வகுப்பு, பாடம், வாரப் பாடவேளை, இப்போது நடத்துபவர் பட்டம் பெற்ற பாடம், கடந்த கல்வியாண்டில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் கழிந்த மாதங்கள் என்று ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை தயாரித்து, அதைக் குழுவின் தீர்மானத்தோடு இணையுங்கள். கால அட்டவணையும் வருகைப் பதிவேடும் தலைமையாசிரியரிடம் இருக்கும். உறுப்பினர் என்ற முறையில் கேட்டுப் பார்க்கலாம்.

தீர்மானத்தில் இரண்டு சட்டப் பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் காலியிடம் ஏற்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இதை மாநில மொத்தத்துக்கோ மாவட்ட மொத்தத்துக்கோ சொல்லவில்லை, பள்ளிக்குச் சொல்கிறது. தலைமையாசிரியரையும் சேர்த்து ஆறு பணியிடம் உள்ள உங்கள் பள்ளியில் ஒன்று காலியானாலே ஏறத்தாழ 17 விழுக்காடு ஆகிவிடுகிறது. சிறிய பள்ளியில் ஒரு காலியிடத்துக்கும் இடமில்லை என்பதே இதன் பொருள், இதை அலுவலகத்தில் பலர் யோசித்ததே இல்லை. 25ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விகிதத்தைக் காக்கும் பொருட்டு, ஒரு பள்ளியின் ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்கிறது. உங்கள் பள்ளியில் சம்பளம் பெற்றுக்கொண்டு வேறிடத்தில் மாற்றுப்பணியில் இருப்பவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பதிவேட்டில் அந்த இடம் நிரம்பியதாகவே இருக்கும், கலந்தாய்வில் காலி என்று காட்டவும் மாட்டார்கள். சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்று மறுத்தால், ஆறு முதல் எட்டு வரை நடத்துபவரும் அதே கணித ஆசிரியர்தான் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அட்டவணையை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பணியாளர் நிர்ணயத்துக்கு முன்பே கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலந்தாய்வு முடிந்த பிறகு கொடுக்கும் மனுவை அடுத்த ஆண்டுக்கு என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவார்கள். பக்கத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களும் அதே படிவத்தில் கொடுத்தால், ஒன்றியம் முழுவதற்குமான பாடவாரிப் பற்றாக்குறை முதன்முறையாக ஒரே தாளில் தெரியும். இப்போதைக்கு அதை எந்த அலுவலரும் உங்களுக்குத் தயாரித்துத் தர மாட்டார்.

கடைசியாக ஒரு சொல். அட்டவணையில் அந்த அறிவியல் ஆசிரியரின் பெயரை எழுதாதீர்கள். பட்டப் பாடத்தை மட்டும் எழுதுங்கள். தமக்கு உரியதல்லாத பாடத்தை நடத்திக்கொடுத்து ஈடுசெய்பவர் அவர். பெயர் போய்ச் சேர்ந்தால், பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்ச்சி ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கும் குறிப்பாணை முதலில் அவர் கைக்குத்தான் வரும்.